எரிந்த சரிவு எப்போது காடாகும்?

மாசி பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு பக்கம் இரவில் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் சில நாள் மேற்கே ஒரு சிவப்புக் கோட்டைப் பார்ப்பார்கள். மலைச்சரிவில் வளைந்து, அங்கங்கே அறுந்து, நகர்வதே தெரியாமல் நகரும் கோடு. "மலையில தீ புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்கள். விடிந்ததும் அந்த இடத்தில் புகை மட்டும் நிற்கும். நாலு மழை பெய்ததும் அதே சரிவு பச்சையாகிவிடும். எரிந்த விஷயமே ஊருக்கு மறந்துபோகும்.

கீழே இருந்து பார்த்தால் எல்லாப் பச்சையும் ஒன்றுதான். ஏறிப் போய் ஒரு நாள் நடந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் இன்னொரு வழியாக இறங்கினால், அந்தப் பச்சைக்குள் இரண்டு வேறு கதைகள் ஓடுவது தெரியும். ஒன்று, எரிந்தாலும் அசராத புல்லும் ஈச்சையும். மற்றது, எரிந்தால் தலைமுறைக் கணக்கில் திரும்பி வராத மழைக்காடு. தாமிரபரணிக்குக் கோடையிலும் தண்ணீர் தருவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுக்கு. அதன் ஓரங்கள்தான் தீயில் கரைந்துகொண்டிருக்கின்றன.

முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி. கலிபோர்னியா, ஆஸ்திரேலியா செய்திப் படங்களில் நாம் பார்ப்பது மரங்களின் உச்சி வழியாகத் தாவும் தீ. நம் மலையில் எரிவது பெரும்பாலும் தரைத் தீ. காய்ந்த புல், சருகு, சுள்ளி ஆகியவற்றைத் தின்றபடி முழங்கால் உயரத்திலோ ஆள் உயரத்திலோ போகும். ஓர் இடத்தைக் கடக்க அதற்கு ஒரு நிமிஷம் போதும். அதனால் இது சாதுவான தீ என்று நினைத்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ட்ரெக்கிங் குழுக்களைச் சூழ்ந்ததும் இதே புல்வெளித் தீதான். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்திருந்த இளம் வயதினர்.

புல் தீ ஏன் அவ்வளவு பேரைக் கொன்றது என்பதற்குச் சரிவில் விடை இருக்கிறது. சமதரையில் தீநாக்கு நேராக மேலே எழும்பும். சரிவில் அது மேட்டுப் பக்கத்துப் புல்லின் மேல் சாய்ந்துகொள்ளும். தீ வந்து சேருமுன்பே அதன் வெப்பம் அந்தப் புல்லில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, பற்றுவதற்குத் தயாராக்கிவிடும். ஆஸ்திரேலியத் தீயியல் அறிஞர் மெக்ஆர்த்தர் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 30 பாகைச் சரிவில் வேகம் எட்டு மடங்கு. பகலில் வெயிலேறிய சரிவில் காற்றும் கீழிருந்து மேலே வீசும். மேட்டை நோக்கி ஓடுகிற மனிதனைவிடத் தீ வேகமாக ஏறும். இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும், தீ தளர்ந்து ஊர்ந்து போகும். மொட்டைமாடியிலிருந்து பார்ப்பவருக்குக் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரிவது அதனால்தான்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதிலும் 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடினார்கள். அந்த இரண்டு மாத விடுமுறையைக் குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குரங்கணிச் சரிவின் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் சொல்லமாட்டார்கள்.

தீ எப்படிப் பிடிக்கிறது? மூங்கிலோடு மூங்கில் உரசிப் பிடிக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் இந்தியக் காடுகளில் எரியும் தீ ஏறத்தாழ எல்லாமே மனிதர் கையால் வந்தது. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைப்பது, அணைக்காமல் போட்ட பீடி, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, அடிவாரத் தோட்டத்துக் குப்பையில் வைத்த தீ காற்றில் தாவியது, சில சமயம் வேட்டைக்காரர்கள் வைத்தது. ஆகவே தீ பெரும்பாலும் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறும். நெல்லை மலையின் அமைப்பும் அதற்கு வசதி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்ந்து, முகட்டைத் தாண்டி நமக்குச் சாரலாகத்தான் வரும். கீழ்ச்சரிவுகள் வடகிழக்கு மழையை நம்பியவை. அது நின்ற பிறகு தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் புல் காய்ந்து நிற்கும். அதே மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஈரம் குறையாத பசுமைமாறாக் காடு. வறண்ட சரிவும் மழைக்காடும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக் கிடக்கிற மலைகள் அதிகமில்லை.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 1988-ல் அறிவிக்கப்பட்டது. களக்காட்டிலிருந்து தலையணை வழியாகச் செங்கல்தேரிக்கு ஏறும் பாதையில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது, கூடாரம் அடிக்கவும் முடியாது. விடுதியில்தான் தங்கவேண்டும். நாங்கள் போனது புரட்டாசிக் கடைசியில். மாசியில் எரிந்த சரிவுக்கு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. முதுகில் மூட்டையோடு ஏறிய எங்களுக்கு முன்னால் வனத்துறை வாட்சர் ஒருவர் நடந்தார். காணிப் பழங்குடிக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

கீழ்ச்சரிவில் புல் மார்பளவுக்கு வந்திருந்தது. கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும் புல். அந்த வாசத்தைத் தருகிற எண்ணெயே கோடையில் அதை வேகமாக எரியவைக்கவும் செய்கிறது. புல்லின் உயிர் மேலே இல்லை. அதன் மொட்டுகள் மண்ணை ஒட்டியும் மண்ணுக்குள்ளும் இருக்கின்றன. மண் வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். மேலே பல நூறு டிகிரி எரியும்போதும், ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும் தீயின் சூடு நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு எட்டுவதில்லை. அதனால் தீ போன சில வாரத்திலேயே, மழைகூட இல்லாமல், பனி ஈரத்திலேயே புல் துளிர்த்துவிடும். மாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பதும் இந்தத் துளிரைத்தான். விளக்குமாறு கட்டப் பயன்படும் குட்டை ஈச்சையும் அப்படியே. கரிந்த மட்டைகளின் நடுவிலிருந்து பழுதில்லாத புது ஓலை வந்து நின்றது.

மரங்களில் பட்டைதான் எல்லாம். பட்டைக்கு உள்ளே மெல்லிய உயிரடுக்கு ஒன்று இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். அது ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடானால் செத்துவிடும். பட்டை அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தள்ளிப்போடும் என்பது தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பட்டை இரண்டு மடங்கு தடித்தால் தாங்கும் நேரம் நான்கு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் பட்டைக்குச் சுமார் மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். புல் தீ ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்பதால் அந்த மரம் பிழைத்தது. அரை சென்டிமீட்டர் பட்டைக்கு முக்கால் நிமிஷம்தான். அது பிழைக்காது. வேங்கை, கடுக்காய், நெல்லி, தேக்கு போன்ற வறண்ட காட்டு மரங்கள் வளர்ந்த பிறகு தடித்த பட்டை போட்டுக்கொள்வதன் பலன் இங்கே தெரிகிறது.

பாதையோரத்து வேங்கை ஒன்றின் அடியில் வாட்சர் நின்று, கரி எந்தப் பக்கம் உயரமாக ஏறியிருக்கிறது என்று காட்டினார். பள்ளத்துப் பக்கம் முழங்கால் உயரம், மேட்டுப் பக்கம் இடுப்புக்கு மேல். தீ கீழிருந்து வந்தால் பள்ளத்துப் பக்கம்தானே அதிகம் கரிந்திருக்கவேண்டும் என்று தோன்றும். ஓடும் நீர் பாறையின் பின்புறத்தில் சுழிப்பதுபோலக் காற்றும் தீநாக்கும் மரத்தின் பின்பக்கம் சுழித்து அங்கேயே நின்று எரிகின்றன. சரிவில் உருண்டு வந்த சருகும் சுள்ளியும் தங்கிச் சேர்வதும் மேட்டுப் பக்கத்து வேரடியில்தான். ஒரு மரத்தை இரண்டு பக்கமும் பார்த்தால் தீ எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயரம் எரிந்தது என்பதைப் படித்துவிடலாம். வருஷா வருஷம் மேட்டுப் பக்கத்திலேயே சூடு பட்ட மரத்தில் அந்த இடம் பொந்தாகிவிடும். அடுத்த தீ அந்தப் பொந்துக்குள் புகும்.

சற்று மேலே, தரையில் செங்கல் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. அகலம் ஒரு முழம், நீளம் நாலைந்து ஆள். சுற்றிலும் புல் அடர்ந்திருக்க, அதில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. விழுந்து கிடந்த மரம் ஒன்று நாட்கணக்கில் கனன்று சாம்பலான தடம் அது. சூட்டில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்துவிட்டது. அங்கே விதையும் இல்லை, வேரும் இல்லை, நுண்ணுயிரும் மிச்சமிருந்திருக்காது. தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். தடத்தின் நடுவில் உடனே இறங்கியது. அதன் ஓரத்தில், சூடு சற்றுக் குறைவாகப் பட்ட இடத்தில், சொட்டு இறங்காமல் முத்தாக நின்றது. எரியும் சருகிலிருந்து மெழுகுபோன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கிக் குளிர்ந்து மணல் துகள்களின் மேல் படிந்துவிடுகிறது. அந்தப் படலம் தண்ணீரை விலக்கும். புல் தீயில் இது மெல்லியது, ஒன்றிரண்டு மழையில் போய்விடும். கட்டை கனன்ற இடங்களில் நீடிக்கும். அந்த மாதிரி இடங்கள் பெருகின சரிவில் முதல் பெருமழை உள்ளே இறங்காமல் சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும்.

சாம்பல் உரம்தானே என்று கேட்கலாம். பாதி சரி. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் சாம்பலில் தங்கும். நைட்ரஜன் 200 டிகிரியைத் தாண்டியதுமே ஆவியாகத் தொடங்கிவிடும். முதல் மழையில் சாம்பல் மண்ணோடு சேர்ந்தால் உரம். சரிவில் ஓடிவிட்டால் அணையில் வண்டல். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிற ஊர் நம் ஊர். அந்த அடிக்கணக்கு அணைக்குள் எவ்வளவு மண் கிடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சாயங்காலம் விடுதிக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கப் போனவரை வாட்சர் தடுத்தார். "பட்ட மரத்துக்கு அடியில வைக்காதீங்க அண்ணாச்சி. காத்தடிச்சா கொப்பு முறியும்." எரிந்த மலையில் இரவு தங்குகிறவர்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டிய வார்த்தை இது. தீ எரியும்போது விழாத மரம் பிறகு விழும். அடிமரம் பாதி எரிந்திருக்கும், வேர் மண்ணுக்குள்ளேயே கரியாகியிருக்கும். உளுப்பதற்கு ஒன்றிரண்டு மழை எடுக்கும். காற்றில்லாத ராத்திரியில்கூட மரம் விழுந்த சத்தம் கேட்கும். வேர் பிடித்து வைத்திருந்த கல்லும் உருளும். எரிந்த சரிவுக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் படுப்பதும் ஆபத்து. மேலே பெய்த மழை எரியாத காட்டில் வருவதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். வெளியே நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

மறுநாள் காலையில்தான் எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. புல்வெளி முடிந்து ஓடையோரமாகப் பசுமைமாறாக் காடு தொடங்கும் இடம். வெடிப்பலா, பாலி, நாங்கு நிற்கும் காடு. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு வெடிப்பலாவை நம்பி வாழ்வது இந்த மாதிரிக் காட்டில்தான். சருகில் எப்போதும் ஈரம் இருப்பதால் இங்கே தீ உள்ளே நுழையாது. ஓரத்தில் வந்து பத்துப் பதினைந்து அடி நக்கிவிட்டு அணைந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து அடியில் நின்ற மரங்களின் அடியில் கரி கணுக்கால் உயரம்தான் இருந்தது. மேலே இலை பசுமையாக, தளதளவென்று இருந்தது. எங்களில் ஒருவர், இந்த மரங்கள் தப்பித்துவிட்டன என்றார்.

அப்படிச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. ஈரக்காட்டு மரங்களுக்குத் தீ பழக்கமில்லை. பட்டை மெல்லிசு. கணுக்கால் உயரத் தீயே அடியைச் சுற்றி உயிரடுக்கைக் கொன்றிருக்கலாம். மரத்துக்குள் நீர் மேலேறுவது அதற்கும் உள்ளே இருக்கும் வேறு குழாய்களில். அதனால் இலை வாடாது. இலையில் செய்த உணவு வேருக்கு இறங்கும் வழிதான் அறுந்துபோயிருக்கும். சேமிப்பு தீரும்வரை வேர் தாக்குப்பிடிக்கும், காயத்தில் பூஞ்சை ஏறும். அமேசானில் 1997–98 எல் நினோ வறட்சியில் எரிந்த காடுகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், முதல் ஆண்டில் உயிரோடு எண்ணப்பட்ட பெரிய மரங்களில் பல மூன்றாம் ஆண்டுக்குள் செத்ததைப் பதிவுசெய்தார்கள். அவசரப்பட்டு முதல் வருஷமே இழப்பைக் கணக்குப் போட்டிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

இப்படி ஒரு பெரிய மரம் சாய்ந்தால் ஓரத்தில் வெயில் விழும். சருகு காயும். வெயில் விழுந்த இடத்தில் புல் ஏறும். அடுத்த முறை தீ வரும்போது அது பதினைந்து அடியில் நிற்காது, முப்பது அடி போகும். காட்டின் எல்லை இப்படித்தான் உள்வாங்குகிறது. சத்தமில்லாமல், வரைபடத்தில் தெரியாமல்.

போன இடத்தை அந்த மரங்கள் திரும்பப் பிடிக்க முடியாதா? அவற்றின் விதையில் சிக்கல். வறண்ட காட்டு மரங்கள் பலவற்றின் விதை மண்ணில் காய்ந்து கிடந்து காத்திருக்கும். பாலி போன்ற மழைக்காட்டு மரங்களின் விதை பெரிது, ஈரமானது. காய்ந்தால் செத்தது. ஆகவே மண்ணில் இருப்பு கிடையாது. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் காட்டிலிருந்து புதிதாக வந்து சேரவேண்டும். கொண்டுவரவேண்டிய இருவாச்சியும் குரங்கும் திறந்த புல்வெளிக்கு வராது. கொண்டைக்குருவி வரும். அதன் வாய்க்கு அடங்குவது சின்ன விதைகள்தான். வட்டக்கண்ணி போன்ற வேகமாக வளரும் மரங்கள் அப்படித்தான் முதலில் வந்து நிற்கின்றன. அவை நிழல் போட்டு, புல்லை ஒழித்து, சருகை ஈரமாக்கிய பிறகுதான் நாங்கும் பாலியும் உள்ளே வரும். பல பத்தாண்டு வேலை. நடுவில் ஒரு தீ வந்தால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு மலையேறித் தெரிந்த ஒன்றே ஒன்று இதுதான்: எத்தனை ஏக்கர் எரிந்தது என்பதைவிட, இரண்டு தீக்கு நடுவில் எத்தனை வருஷம் இருந்தது என்பது முக்கியம். வறண்ட காட்டுக்கும் இது பொருந்தும். எரிந்த கன்று வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீநாக்குக்கு மேலே தலையைத் தூக்கவும் பட்டை தடிக்கவும் அதற்குச் சில வருஷம் வேண்டும். அதற்குள் மறுபடி எரிந்தால் மறுபடி தரைமட்டம். இப்படி இருபது வருஷமாக முழங்காலுக்கு மேல் வளராத நெல்லிக் கன்றுகள் இருக்கமுடியும். முதுமலையில் பழைய வனத்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2004-ல் வெளியான ஆய்வு, எண்பது ஆண்டுகளில் தீ வரும் வீதம் மூன்று மடங்காகிவிட்டது என்று கண்டது. பெரிய மரங்கள் நிற்கும், அவற்றுக்கு வாரிசு இருக்காது. அந்த வெற்றிடத்தில் உண்ணிச்செடி புகுந்துகொள்ளும். தீ உண்ணிச்செடிக்கு வழிவிடுகிறது, அது பெருகி அடுத்த தீக்கு எரிபொருளாகிறது என்ற கருதுகோளை 2005-ல் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்.

எல்லாப் புல்லையும் சீரழிவு என்று சொல்வதும் தவறு. நீலகிரியின் கரிச்சேற்றில் கார்பன் அணுக்களை ஆராய்ந்து 1993-ல் வந்த ஆய்வு, அங்கே புல்வெளி இருபதாயிரம் ஆண்டுப் பழமை உள்ளது என்று காட்டியது. சில தீயும் பழமையானதுதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் புல் முழுக்கக் காயுமுன்பே, ஆண்டின் தொடக்கத்தில், சருகுக்கு மட்டும் தீ வைப்பார்கள். ஈரம் இருக்கும்போது வைத்தால் தீ குளிர்ச்சியாகப் போகும், பங்குனியில் பெருந்தீக்கு இரை இருக்காது.  கீழ்ச்சரிவுப் புல்லில் அப்படி முன்கூட்டி வைக்கும் தீக்கு இடம் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன், ஆட்களும் காவலும் இருந்தால். மழைக்காட்டின் ஓரத்தில் மட்டும் எந்தத் தீக்கும் இடம் கொடுக்கக் கூடாது. எல்லாச் சரிவையும் ஒரே மாதிரிக் காப்பாற்றப் பணமும் ஆளும் இல்லாதபோது, இந்த ஓரத்துக்கே முதல் பங்கு போகவேண்டும்.

காரணம் கீழே இருக்கிறது. பொதிகையின் பூங்குளத்தில் தொடங்கி புன்னக்காயலில் கடலில் சேரும் சுமார் 128 கிலோமீட்டருக்குள், எட்டு அணைக்கட்டுகளின் வாய்க்கால்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. கார் சாகுபடிக்கு ஜூன் முதல் தேதி பாபநாசம் திறப்பார்களா என்று விவசாயிகள் காத்திருக்கும் வைகாசியில், மழையே இல்லாத மாதங்களிலும் ஓடை வறளாமல் இருந்ததா என்பதே கேள்வி. சருகும் வேரும் புழுவும் துளைத்து வைத்த காட்டு மண்ணில்தான் ஐப்பசி மழை ஆழமாக இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து வரும்.

தீயைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. இந்திய வன ஆய்வு நிறுவனம் இப்போது பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று 375 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும். வனத்துறையினரின் போனுக்கு எச்சரிக்கை வந்துவிடும். ஆனால் அந்தக் கருவி உள்ள செயற்கைக்கோள் தலைக்கு மேலே வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கிலும். மூன்று மணிக்குப் பிடித்து இருட்டுமுன் அணைந்த புல் தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். எச்சரிக்கை வந்தாலும் அணைக்கப் போகிறவர் நடந்துதான் போகவேண்டும். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பதுதான் இன்றும் மலையில் நடக்கும் முறை. தண்ணீர் லாரி ஏறாத இடம் அது.

1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு இந்தக் காப்பகத்தின் அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைத்து, விறகுக்காக மலையேறுவதைக் குறைக்க மாற்று எரிபொருளும் மாற்றுத் தொழிலும் கொடுத்தார்கள். காட்டுக்குள் போகும் கால்கள் குறைந்தால் தீயும் குறையும் என்பது எளிய கணக்கு. அந்தக் குழுக்களைக் கோடைக்கு முன்பாக மறுபடி கூட்டலாம். தீத்தடுப்புக் காவலர்களைக் கோடையில் மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டு அனுப்பாமல், கரி ஏறிய ஓர மரங்களை மூன்று வருஷம் தொடர்ந்து எண்ணும் வேலையையும் அவர்களுக்கே தரலாம். எங்களோடு வந்த வாட்சருக்கு அந்த ஓடையோரத்தின் ஒவ்வொரு மரமும் தெரியும். புல்லுக்கும் காட்டுக்கும் நடுவே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற வேலை மட்டும் காத்திருக்காது. புல் காய்ந்து முடிவதற்குள், தை மாதத்திலேயே, அது முடிந்திருக்கவேண்டும்.